பந்துக்கு ஏது பணம்?

கூடாரத்தில் பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமா? கரும்பலகை, சிலேட்டு, நோட்டு என்றால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். பந்து வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "சோத்துக்கே வழியில்ல, விளையாட்டு ஒண்ணுதான் குறைச்சலா?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு, நண்பர்களே.

30 ஆண்டுப் போர் ஓய்ந்து 1993-ல் எரித்திரியா தனி நாடானது. அந்த ஆண்டு அங்கே போன நார்வே ஸ்கேட்டிங் வீரர் யோஹான் ஒலாவ் கோஸ், சிறுவர்கள் விளையாடுவதைப் பார்த்தார். நீளக்கை சட்டை போட்ட பையனுக்கு ஏக மவுசு. ஏன்? அதைச் சுருட்டி, கையை வைத்து முடிச்சுப் போட்டால் அதுதான் பந்து!

1994 பிப்ரவரியில் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் கோஸ் 3 தங்கம் வாங்கினார். மூன்றும் உலக சாதனை. 1,500 மீட்டரில் கிடைத்த ஊக்கத்தொகையை நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். ஒரு தங்கத்துக்கு 10 குரோனர் தாருங்கள் என்று நாட்டு மக்களையும் கேட்டார். பிறகு விமானம் நிறைய விளையாட்டுச் சாமான்களோடு எரித்திரியாவுக்குப் போனார். பசித்த நாட்டுக்குப் பந்தா என்று பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அந்நாட்டு அதிபரோ, எங்களையும் மனிதர்களாக மதித்துத் தந்த பரிசு இது என்று நெகிழ்ந்தாராம்.

யுனிசெஃப் நிறுவனமும் இதை உணர்ந்தே இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறது. ஒன்று, 40 பிள்ளைகளுக்கான பள்ளிப் பெட்டி. அதன் மூடிக்குக் கரும்பலகைப் பெயிண்ட் அடித்தால் அதிலேயே எழுதலாம். மற்றொன்று, விளையாட்டுப் பெட்டி. பலவகைப் பந்துகள், அணிக்கொரு நிறத்தில் மேல்சட்டை, விசில், மைதானம் குறிக்க சாக்கட்டியும் அளவு டேப்பும் அதில் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கைக்கு இரண்டு பெட்டிகளுமே போயின.

இதில் எஞ்சினியர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று. தகரக் கொட்டகை ஒரு முறைச் செலவு, பந்து அப்படியல்ல. கல்லும் முள்ளுமான தரையில் சில மாதத்தில் கிழிந்துவிடும். ஆகவே பந்துக்கான பணம் ஆண்டுதோறும் வர வேண்டும். எஸ்டிமேட்டில் 'இதர செலவு' என்று போட்டால், கையைக் கடிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். தனி வரியாகப் போடுங்கள். கொட்டகையை மைதானத்தின் நட்டநடுவில் நிறுத்தாமல் ஓரமாக நிறுத்துங்கள். அதற்குக் காலணா செலவில்லை.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளே! நாளை ஏதோ ஓர் ஊரில் புயலோ வெள்ளமோ வந்து நீங்கள் உண்டியல் குலுக்கப் போகலாம். அரிசி, நோட்டுப் புத்தகம் என்று எழுதும் பட்டியலில், பந்து ஒன்று, பம்பு ஒன்று என்றும் சேர்த்து எழுதுங்கள்.