கொல்லைப்புறம் வழியாக வந்த ஸ்பானிஷ்

1492 என்று சொன்னால் பள்ளிக்கூடத்துப் பையன்கூட 'கொலம்பஸ்' என்பான். ஆகஸ்ட் 3ம் தேதி மூன்று கப்பல்களுடன் கிளம்பியவர், ஆசியா என்று நினைத்துக்கொண்டு அமெரிக்கப் பக்கத்துத் தீவு ஒன்றில் போய் இறங்கினார். மிச்சமெல்லாம் ரத்த சரித்திரம்.

கப்பல் கிளம்பிச் சரியாகப் பதினைந்தாம் நாள், ஆகஸ்ட் 18ம் தேதி, ஸ்பெயினில் இன்னொரு காரியம் நடந்தது. பல்கலைக்கழக நகரமான சலமான்காவில் ஒரு புத்தகம் அச்சாகி வெளியே வந்தது. ஸ்பானிஷ் மொழிக்கு ஓர் இலக்கணம். எழுதியவர் அன்டோனியோ டி நெப்ரிஹா. சலமான்காவிலேயே படித்து, இத்தாலியில் போலோன்யா வரை போய்ப் படித்துத் திரும்பிய லத்தீன் வாத்தியார்.

படித்தவன் என்றால் லத்தீன் படித்தவன் என்று அர்த்தமாகியிருந்த காலம் அது. ஸ்பானிஷ் என்பது சந்தையில் பேரம் பேசவும், வீட்டில் சண்டை போடவும் உள்ள பாஷை. தாய்ப்பாலோடு வருவதற்கு எதற்கய்யா இலக்கணம்? மகாராணி இசபெல்லாவுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்த பிஷப் பதில் சொல்லிவிட்டார். நாளைக்கு வேற்று மொழிக்காரர்களையெல்லாம் ஜெயிக்கப் போகிறீர்கள். அவர்களுக்கு நம் சட்டம் புரியவேண்டாமா? அதற்குத்தான் இது. நெப்ரிஹாவே தன் முன்னுரையில் எழுதிவைத்திருக்கிற சங்கதி.

புத்தகத்தின் ஐந்தாவது பகுதியை அவர் யாருக்காக எழுதினார் தெரியுமா? ஸ்பானிஷ் தெரியாத அந்நியர்களுக்காக. ஆக, அந்நியர்களுக்கான ஸ்பானிஷ் வகுப்பு 1492லேயே காகிதத்தில் தயார்.

காகிதத்தில் மட்டும்தான். கிட்டத்தட்ட 250 வருஷம் அந்த இலக்கணத்தை யாரும் மறுபடி அச்சடிக்கக்கூட இல்லை. பல்கலைக்கழகங்கள் பாட்டுக்கு லத்தீனைக் கட்டிக்கொண்டு அழுதன. ஸ்பானிஷ் உலகம் முழுக்கப் பரவியது வாஸ்தவம். ஆனால் வகுப்பறை வழியாக இல்லை. கப்பல், வாள், சிலுவை, கல்யாணம், வியாபாரம் என்று வேறு வழிகளில் பரவியது.

பெரிய பல்கலைக்கழகங்கள் அதை மதித்து நாற்காலி போட ரொம்ப நாளாயிற்று. அமெரிக்காவின் ஹார்வர்டில் பிரெஞ்சுக்கும் ஸ்பானிஷுக்கும் சேர்த்து ஒரு பேராசிரியர் பதவி. ஜார்ஜ் டிக்னர் என்கிற இளைஞரை அழைத்தார்கள். மனிதர் நாணயமானவர். இதற்கென்றே 1818ல் ஸ்பெயினுக்குப் போய், மாட்ரிட்டில் தங்கி மொழியையும் இலக்கியத்தையும் படித்துவிட்டு, 1819ல் பதவியில் உட்கார்ந்தார். 1849ல் ஸ்பானிஷ் இலக்கிய வரலாற்றையே எழுதி முடித்தார். சொல்லிக்கொடுப்பவன் முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம்.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

இந்தியர்களில் ஸ்பானிஷை முதலில் தீவிரமாகப் படித்தவர்கள் யார் என்று தேடினால், போலீஸுக்குப் பயந்து ஓடியவர்கள் வந்து நிற்கிறார்கள். எம்.என். ராய் 1917ல் அமெரிக்காவிலிருந்து தப்பி மெக்ஸிகோவுக்குப் போனார். ஒரு ஆசிரியரை வைத்து மொழி கற்றார். அடுத்த வருஷமே இந்தியாவைப் பற்றி ஸ்பானிஷில் புத்தகம் போட்டுவிட்டார். 1919ல் மெக்ஸிகோவில் கம்யூனிஸ்ட் கட்சி உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு. மறு வருஷம் தாஷ்கண்டில், நம் சென்னைக்காரரான எம்.பி.டி. ஆச்சார்யா போன்றவர்களோடு சேர்ந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவரும் அவர்தான்.

இன்னொருவர் வார்தாவில் பிறந்த பாண்டுரங் கான்கோஜே. கதர் கட்சிக்காரர். விவசாயம் படித்தவர். 1920களில் மெக்ஸிகோ போய், சாப்பிங்கோ தேசிய விவசாயப் பள்ளியில் பேராசிரியரானார். மக்காச்சோளத்தையும் கோதுமையையும் பற்றி மெக்ஸிகோ மாணவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பாடம் நடத்தினார். தியேகோ ரிவேராவின் புகழ்பெற்ற சுவரோவியம் ஒன்றில் அவர் முகம் இருக்கிறது. மெக்ஸிகோக்காரனுக்கு அவன் மண்ணில் விளைகிற சோளத்தைப் பற்றி அவன் பாஷையிலேயே ஒரு மராட்டியர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்!

இவர்கள் விதிவிலக்கு. மற்றபடி ஸ்பானிஷ் நம் வீட்டுக்குள் நுழைந்ததெல்லாம் ஆங்கிலம் என்கிற கொல்லைப்புறக் கதவு வழியாகத்தான்.

ஒரு கூத்தைப் பாருங்கள். 1930களில் கார்ல் டில்டன் கெல்லர் என்கிற அமெரிக்கப் புத்தகப் பித்தருக்கு, செர்வான்டிஸின் 'தான் கிஹோத்தே' நாவல் சம்ஸ்கிருதத்தில் வேண்டும் என்று ஆசை வந்தது. ஆராய்ச்சியாளர் ஆரல் ஸ்டைன் மூலம் காஷ்மீரத்துப் பண்டிதர்கள் இருவரைப் பிடித்தார். நித்யானந்த சாஸ்திரி, ஜகத்தர் ஜாடு. இருவரும் சம்ஸ்கிருதத்தில் புலிகள். ஸ்பானிஷ்? ஒரு வார்த்தை தெரியாது. 18ம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு அத்தியாயங்களை முடித்துக் கொடுத்தார்கள். கையெழுத்துப் பிரதி ஹார்வர்டுக்குப் போய்த் தூங்கி, 2019ல்தான் புத்தகமாக வெளிவந்தது.

தமிழிலும் இதே கதைதான். நெரூதாவையும் போர்ஹேஸையும் மார்க்கேஸையும் நம் சிறுபத்திரிகைகள் தலையில் வைத்துக் கொண்டாடின. ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலம் வழி. 1967ல் வந்த மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 2013ல் தமிழுக்கு வந்தபோதும் அதே பாதைதான். மொழிபெயர்த்தவர்கள் உழைப்பில் குறை சொல்ல முடியாது. நேர்வழி என்று ஒன்று இருந்திருந்தால் அல்லவா அவர்கள் அதில் வந்திருப்பார்கள்?

நேர்வழி போட்டவை டெல்லிப் பல்கலைக்கழகங்கள். 1969ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், ஒரு எழுத்துகூடத் தெரியாமல் பிளஸ் டூ முடித்து வருகிறவன் ஸ்பானிஷில் பி.ஏ., எம்.ஏ. முடித்து ஆராய்ச்சி வரைக்கும் போகலாம். பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் தரும் ஏற்பாடும் அங்கே பல வருஷம் இருந்தது. டெல்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் பேராசிரியராக இருந்த விபா மௌர்யா, 'தான் கிஹோத்தே'யை மூல மொழியிலிருந்தே இந்திக்குக் கொண்டுவந்தார். ஸ்பெயின் அரசின் செர்வான்டிஸ் நிறுவனம் 2009ல் டெல்லியில் கிளை திறந்தது.

இதெல்லாம் இலக்கியப் பிரியர்களுக்கு, நமக்கெதற்கு என்கிறீர்களா? நான் பி.காம். படித்தவன். வரவு செலவு பார்த்துத்தான் பேசுவேன். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 50 கோடிப் பேர். இருபது நாடுகளில் ஆட்சிமொழி. டி.சி.எஸ். 2002லேயே உருகுவே தலைநகர் மோண்டெவிடியோவில் கடை விரித்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் கார்கள் மெக்ஸிகோவுக்கும் சிலிக்கும் கப்பலேறியிருக்கின்றன.

எவ்வளவு தெரிந்தால் 'தெரியும்' என்று சொல்லலாம்? ஐரோப்பாக்காரர்கள் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படி கட்டி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அதைவிடப் பழைய கணக்கு ஒன்று உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 921. குடவோலையில் பேர் எழுதவேண்டுமானால் கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது. அதோடு படிப்பும் வேண்டும். எப்படிப்பட்ட படிப்பு? வேதத்தில் மந்திர பிராமணத்தை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துத் தெரிந்தவனாக இருக்கவேண்டும். அது பிராமண ஆண்களுக்கு மட்டுமான சபை. அந்தக் குறை குறைதான். ஆனால் அளவுகோல் எவ்வளவு கறாராக இருக்கிறது பாருங்கள்! பரீட்சையில் பாஸானது கணக்கில்லை. இன்னொருத்தனுக்குப் புரியவைக்க முடிகிறதா என்பதுதான் கணக்கு.

அந்த அளவுக்குப் போவதற்குத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சில சௌகரியங்கள் உண்டு. ஆனால் அது அவர்களுக்கே தெரிவதில்லை. ஏனென்றால் ஸ்பானிஷையும் ஆங்கிலம் வழியாகவே படிக்கிறார்கள். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். நான், நீ என்று தனியாகச் சொல்லவேண்டாம், வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். இங்கிலீஷ்காரனுக்கு இது அதிசயம். நமக்கு அன்றாடம். 'தூ' என்றால் நீ. 'உஸ்தெத்' என்றால் நீங்கள். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எனக்குக் காபி பிடிக்கும் என்பதை ஆங்கிலத்தில் 'நான்' போட்டுத் தொடங்கவேண்டும். ஸ்பானிஷில் 'மே குஸ்தா' என்பார்கள். அப்படியே நம் 'எனக்குப் பிடிக்கும்'! 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். சின்ன ர, பெரிய ற என்று அடி வாங்கிப் படித்த நமக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா? 'ஞ' சத்தத்துக்கு அவர்களிடம் தனி எழுத்தே இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலையில், செய்யாற்றங்கரையில் பெருநகர் என்றொரு ஊர். உத்திரமேரூர் வட்டம். அங்கே தமிழ் மீடியத்தில் படிக்கிற ஒரு பெண், தனக்கு இங்கிலீஷே தகராறு, ஸ்பானிஷ் எங்கே வரப்போகிறது என்று நினைத்தால் அது இயல்புதான். யாராவது அவளிடம் சொல்லவேண்டும். ஸ்பானிஷுக்குப் போக இங்கிலீஷ் ஒன்றுதான் கதவு என்றில்லை. தமிழிலிருந்து நேராகவே ஒரு வாசல் வைக்கலாம். தமிழை உதாரணம் காட்டி ஸ்பானிஷ் சொல்லித்தரும் வாத்தியார்களும், தமிழில் எழுதிய நல்ல பாடப்புத்தகமும் வேண்டும், அவ்வளவுதான்.

நெப்ரிஹாவின் ஐந்தாம் பகுதிக்கு 500 வயது தாண்டிவிட்டது. அந்நியர்களுக்கு என்றுதானே எழுதினார்? நாமும் அந்நியர்கள்தான். அதன் தமிழ்ப் பதிப்பை எழுதவேண்டியது நம் பல்கலைக்கழகங்களின் வேலை.