கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் மாணவர் பயிற்சி: மழைக்காலமே முதல் பாடம்

மும்பை:

சுனாபட்டி ரயில் நிலையத்திலிருந்து துறைமுக வழித்தடத்தில் மூன்றாவது நிறுத்தம் செம்பூர். குர்லா, திலக் நகர் ஆகியவற்றைக் கடந்து அங்கு இறங்கினால், தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடியிருப்புகளுக்கு அருகிலேயே பாம்பே பிரசிடென்சி கோல்ஃப் கிளப்பின் பசும்புல் பரப்பு விரிந்து கிடக்கிறது. 1927ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த மன்றத்தின் மைதானம் 18 குழிகளைக் கொண்டது. நெருக்கமான நகருக்குள் இவ்வளவு புல்லை ஆண்டு முழுவதும் உயிரோடு வைத்திருப்பது தனித் தொழில். அத்தொழிலைக் கற்க விரும்பும் மாணவருக்கான நுழைவாயில்தான் இன்டர்ன்ஷிப் எனப்படும் உள்ளகப் பயிற்சி.

இப்பயிற்சிக்கும் கோல்ஃப் ஆடத் தெரிவதற்கும் தொடர்பு குறைவு. விதிகளை அறிந்திருந்தால் போதும். மட்டை பிடிக்கத் தெரியாமலும் சேரலாம். மண், நீர், புல், பூஞ்சை, இயந்திரம், பணியாளர் ஆகிய ஆறுமே பாடங்கள். எனினும் பயிற்சிக்கு வரும் பலர் அலுவலக மேசையையே எதிர்பார்த்து வருகின்றனர் என்பது இத்துறையின் பழைய குறை.

பணி விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் 'கிரீன்' எனப்படும் குழியைச் சுற்றிய மென்புல் பரப்பில் பனித்துளியைத் தட்டி, புல்லை ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரத்திற்கு வெட்டியாக வேண்டும். வெட்டும் திசை நாள்தோறும் மாற்றப்படும். ஒரே திசையில் வெட்டினால் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். குழியின் இடமும் அடிக்கடி மாறும். 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய குழியை வெட்டியெடுத்து, அந்த மண்கட்டியைக் கொண்டே பழைய குழியை மூட வேண்டும். மூடிய இடம் அரை விரற்கடை மேடானால் அடுத்த நாள் வெட்டும் இயந்திரம் அதை மொட்டையடித்துவிடும். பள்ளமானால் பந்து திசைமாறும். புதிய மாணவரின் கைத்திறன் முதலில் சோதிக்கப்படுவது இங்கேதான்.

வெப்பமண்டலக் கோல்ஃப் மைதானங்களில் பரவலாக வளர்க்கப்படும் பெர்முடா புல், தமிழர் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லே. அதனை ஆப்பிரிக்க இனம் ஒன்றுடன் கலந்து உருவாக்கப்பட்ட ஒட்டு வகைகள் கிரீன்களில் பயன்படுகின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் டிஃப்டன் நகரில் பணியாற்றிய விஞ்ஞானி கிளென் பர்டன் 1956இல் டிஃப்கிரீனையும், 1965இல் டிஃப்டுவார்ஃப் வகை வெளிவருவதிலும் பங்காற்றினார். இவ்வகைகள் விதை தருவதில்லை. தண்டுத் துண்டுகளை நட்டே பெருக்க வேண்டும். இடையில் நாட்டு அருகு புகுந்தால் கிரீனில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். அதனைக் கண்டு களைவதும் பயிற்சியாளரின் வேலையே.

புல்லுக்குக் கீழே இருப்பது இன்னும் முக்கியம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி, கிரீனின் அடியில் வடிகுழாய், அதன்மேல் சரளை, அதற்கு மேல் சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்திற்கு மணல் மிகுந்த கலவை என அடுக்குகள் அமையும். ஆட்டக்காரர்களின் காலடியில் மண் இறுகிவிடுவதால், குழல் முனைகளால் துளையிட்டு, சிறு மண்துண்டுகளை அகற்றி, துளைகளில் மணல் நிரப்புவது வழக்கம். துளையிட்ட கிரீனைக் காணும் உறுப்பினர்கள் முணுமுணுப்பர். அவர்களுக்குக் காரணத்தை விளக்குவதும் நிர்வாகப் பாடத்தில் அடங்கும்.

மும்பையில் இவை அனைத்திற்கும் தேர்வு வைப்பது தென்மேற்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் நகரில் 2,200 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவானதை நகரம் மறக்கவில்லை. பெர்முடா புல் வெயிலை விரும்புவது. வாரக்கணக்கில் மேகம் மூடினால் மெலிந்துவிடும். ஈரத்தில் பூஞ்சை நோய்கள் பரவும், கோரை தலைதூக்கும். நனைந்த தரையில் கனரக இயந்திரத்தை இறக்கினால் சக்கரத் தடம் மாதக்கணக்கில் மறையாது. எனவே வெட்டும் உயரத்தைக் கூட்டுவது, தள்ளு இயந்திரத்திற்கு மாறுவது, சில நாள் எதுவும் செய்யாமல் காத்திருப்பது என்று முடிவெடுக்க வேண்டும். காத்திருக்கத் தெரிவதைப் பாடநூலிலிருந்து கற்பது கடினம்.

கோடையில் சிக்கல் தலைகீழாகும். குடிநீருக்கே நெருக்கடி உள்ள ஊரில் விளையாட்டுப் புல்லுக்கு எங்கிருந்து நீர் என்ற கேள்வி நியாயமானது. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரே பல நாடுகளில் இதற்கு விடையாக உள்ளது. ஆனால் அந்நீரில் உப்பு சற்று மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால் மண்ணையும் நீரையும் இடைவிடாது சோதிக்க வேண்டும். உப்பைத் தாங்கும் பாஸ்பேலம் வகைப் புல் கடலோர மைதானங்களில் விரும்பப்படுவதும் இதனாலேயே.

இந்த நுணுக்கங்களைப் பெரும்பாலும் கற்றுத்தருபவர்கள் மாலி எனப்படும் தோட்டப் பணியாளர்கள். எந்த மூலையில் நீர் தேங்கும், எந்த மரநிழலில் புல் கருகும் என்பதை அவர்கள் நடந்தே அறிந்தவர்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசில் 1865 முதல் மைதானக் காவலராக விளங்கிய ஓல்டு டாம் மோரிசும் கல்லூரிப் பட்டத்தால் உயர்ந்தவர் அல்லர். ஆட்டக்களத்தில் பை சுமந்தவர்கள் மேலே வந்ததற்கு இந்தியாவில் சான்று உண்டு: பெங்களூருவில் பை சுமக்கும் பணி செய்த சி. முனியப்பா 2009இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். பராமரிப்புப் பணியில் அத்தகைய ஏணி அரிது. இருபது ஆண்டு அனுபவமுள்ள மாலியின் மேலதிகாரியாக, நான்கு ஆண்டு படித்தவர் ஒருநாள் வந்து அமரக்கூடும். பயிற்சிக்காலத்தில் அந்த மாலியிடம் மாணவர் எவ்வாறு பழகினார் என்பது பின்னாளில் வேலையைத் தீர்மானிக்கும்.

இந்தியாவில் இதற்கென முழு இளநிலைப் பட்டம் என்பதைவிட, வேளாண்மை அல்லது தோட்டக்கலைப் பட்டமே வழக்கமான அடிப்படை. மலரியல் மற்றும் நிலஎழிலூட்டும் கலை முதுநிலைப் பாடத்திட்டத்தில் புல்தரை மேலாண்மை தனித்தாளாக உள்ளது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1957 முதலே இத்துறையில் பயிற்சி அளித்துவருகிறது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய 'ஓஹியோ புரோகிராம்' வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க மைதானங்களில் பணியமர்த்துகிறது. இவ்வாறு செல்வோருக்கான ஜே-1 விசாவில், உள்ளகப் பயிற்சியாளர் பிரிவின் உச்சவரம்பு 12 மாதங்கள். கல்லூரியில் பயில்பவராகவோ, படிப்பு முடிந்து ஓராண்டுக்கு உட்பட்டவராகவோ இருத்தல் வேண்டும்.

சேரும் முன்னர் உதவித்தொகை, வேலை நேரம், விபத்துக் காப்பீடு, யாரிடம் பயிற்சி ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. பூச்சிக்கொல்லி தெளிப்போருக்குப் பாதுகாப்பு உடை வழங்க வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் உள்ளது. கையுறையும் முகக்கவசமும் இன்றித் தெளிப்பானைக் கையில் கொடுத்தால் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

காலத்தைத் தேர்வதும் மாணவர் கையில் உள்ளது. கோடை விடுமுறையில் ஆறு வாரம் வந்து செல்பவர் நீர் தெளிப்பதை மட்டுமே காண்பார். மே மாத இறுதியில் சேர்ந்து அக்டோபர் வரை நிற்பவரோ வடிகால் தூர்வாருவதையும், ஜூலையில் புல் வெளிறுவதையும், மழை ஓய்ந்தபின் துளையிட்டு மணலிட்ட கிரீன் மீண்டும் அடர்வதையும் ஒரே தொடராகப் பார்த்துவிடுவார்.