கண்காட்சிக்குப் போன காட்டு மலர்

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இலண்டன் மாநகரின் தென்மேற்கே உள்ள கியூ அரச தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் மலர் விழா ஒன்று தொடங்கிற்று. ஆண்டுதோறும் குளிர்காலம் முடியும் தறுவாயில், வெளியே மரங்கள் இலையற்று நிற்கும்போது, உள்ளே வெப்பமூட்டப்பட்ட கண்ணாடி மாளிகையில் நடைபெறும் விழாதான் அது. ஆயினும் அவ்வாண்டு அதற்கென ஒரு பொருள் வகுக்கப்பட்டிருந்தது. அப்பொருள், இந்தியா. அடுத்த ஆண்டு தாய்லாந்து. அதற்கடுத்து கொலம்பியா, இந்தோனேசியா. ஓராண்டு இடைவெளிக்குப் பின் கோஸ்டாரிக்கா, கேமரூன், மடகாஸ்கர், பெரு என ஒவ்வொரு நாட்டின் பெயராலும் அவ்விழா தொடர்ந்து வந்திருக்கிறது.

நம் நாட்டின் பெயர் அயல்நாட்டில் மலர்களால் எழுதப்பட்டது என்று கேட்கும்போது மகிழ்ச்சி உண்டாவது இயல்பே. அந்த மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் நமக்கு எழுகின்றது. மலைக்காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு மழையையும் பனிமூட்டத்தையும் குடித்து வளரும் ஒரு செடி, ஏழு கடல் தாண்டிய கண்ணாடி மாளிகைக்குச் சென்றது எவ்வாறு? அது சென்ற வழியில் நம் மலைக்கு நேர்ந்தது என்ன? நாஞ்சில் நாட்டவராகிய நாம் இதைக் கேட்க உரிமை உடையோம். ஏனெனில் அவ்வரலாற்றின் சோகமான ஓர் ஏடு, நம் குமரி மாவட்டக் காடுகளோடு தொடர்ந்து கிடக்கும் அகத்தியமலையில் எழுதப்பட்டது.

ஆர்க்கிட் என்னும் பெயர் நமக்குப் புதிதாயிருக்கலாம்; செடி புதிதன்று. மலையாளத்தில் அதனை 'மரவாழ' என்பர்; தமிழில் மரவாழை எனலாம். மரத்தின் மேல் வளர்வதால் அதனை ஒட்டுண்ணி என எண்ணுவோர் உளர். அது பிழை. புல்லுருவியைப் போல் மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. மரத்தை இருக்கையாக மட்டுமே கொள்கின்றது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் என வேண்டுமானால் சொல்லலாம். தரையில் வளரும் இனங்களும் பல உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் அண்மையில் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றுள் 388 வேறெந்த நாட்டிலும் இல்லாதவை.

நம் இல்லங்களுக்கும் ஆர்க்கிட்டுக்கும் வேறொரு பழைய உறவு உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் 'சாலாமிசிரி' என்றொரு சரக்கு விற்கப்படுவதை வாசகர்கள் அறிவர். உடல் வலிமைக்கென யூனானி ஹகீம்கள் பாலில் கலந்து உண்ணச் சொல்லும் கிழங்கு அது. அச்சொல் 'ஸஃலப் மிஸ்ரீ' என்பதன் திரிபே. அரபியில் ஸஃலப் என்றால் நரி. மிஸ்ரீ என்றால் எகிப்து நாட்டது. அந்தக் கிழங்கு ஆர்க்கிட் இனத் தரைச்செடிகளின் கிழங்கு. துருக்கியிலும் ஷாம் நாட்டிலும் குளிர்கால இரவுகளில் அருந்தும் 'ஸஹ்லப்' என்னும் சூடான பானமும் இதனால் ஆவதே. ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்குகளைத் தோண்ட வேண்டியிருப்பதால், அந்நாடுகளிலும் அச்செடி அருகி வருகின்றது. கண்காட்சி மட்டுமே ஆர்க்கிட்டுக்குப் பகை என்று கருதிவிடலாகாது என்பதற்காகவே இதனை இங்கே குறித்தோம்.

நம் கடற்கரையின் மரவாழைகளை ஐரோப்பாவுக்கு முதன்முதலில் விரிவாக அறிமுகம் செய்தவர்கள் டச்சுக்காரர்கள். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றவர்கள் என்றே அவர்களை நாம் அறிவோம். அதற்கு எழுபது ஆண்டுகள் முன்னர், கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தலைவராயிருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு என்பவர், மலபார்ச் செடிகளைப் பற்றி ஒரு பெருநூல் தொகுக்க முனைந்தார். இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் அதற்குச் செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தனர். 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் அந்நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 742 செடிகள் இடம்பெற்றுள்ளன. படங்களின் மேல் செடியின் பெயர் இலத்தீன் எழுத்தோடு மலையாள எழுத்திலும், நாகரியிலும், அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணும்போது, அரபுத் தமிழ் ஏடுகளில் பழகிய நம் கண்களுக்கு ஒரு தனி நெருக்கம் தோன்றுகின்றது. அக்கரையில் அரபு எழுத்து அந்த அளவுக்கு வழக்கில் இருந்தது.

மரவாழைகள் பன்னிரண்டாம் தொகுதியில் உள்ளன. எந்த மரத்தில் காணப்பட்டதோ அந்த மரத்தின் பெயரையே பலவற்றுக்குச் சேர்த்திருக்கின்றனர். நாம் அயனி என்றும் மலையாளிகள் ஆஞ்ஞிலி என்றும் வழங்கும் மரத்தின் பெயரால் ஆஞ்ஞிலி மரவாழை. எட்டி எனப்படும் காஞ்சிரத்தின் பெயரால் காஞ்சிர மரவாழை. பொன்னிறப் பூப் பூக்கும் ஒன்றுக்குப் 'பொன்னம்பூ மரவாழை' என்று படிக்கத்தக்க பெயர். வான் ரீடு இத்தொகுதியைக் காணவில்லை. அவர் 1691இலேயே கடற்பயணத்தில் இறந்துவிட்டார். ஆனால் 1753இல் உலகச் செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், இம்மூன்று மரவாழைகளையும் இந்நூலின் படங்களைக் கொண்டே தம் நூலில் சேர்த்துக்கொண்டார். நம் நாட்டு வைத்தியர்களும் பண்டிதர்களும் துணைநின்று உருவான நூல் அவ்வாறு உலக அறிவாயிற்று. இந்தக் கட்டம் வரை காட்டுக்கு ஒரு கேடும் இல்லை. சென்றவை பெயரும் படமுமே.

செடியே செல்லத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இங்கிலாந்தின் பிரபுக்களிடையே ஆர்க்கிட் மோகம் ஒரு காய்ச்சலைப்போல் பரவிற்று. மலர்க் கண்காட்சியில் எவரும் காணாத ஒரு பூவை வைப்பது குடும்பப் பெருமையாயிற்று. வணிகர்கள் உலகின் காடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பினர். கொலம்பியாவில் உயரத்துக் கிளையிலிருந்த செடியை எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றை ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலார் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். 1850இல், இன்றைய மேகாலயத்தைச் சேர்ந்த காசி மலைகளில், அவர் நீல வாண்டா என்னும் அரிய மலர்ச்செடியைக் கண்டார். தம் தந்தையார் அப்போது தலைவராயிருந்த கியூ பூங்காவுக்கென ஏழு ஆள் சுமை அளவு பறித்து அனுப்பினார். உயிரோடு சென்று சேர்ந்தவை மிகச் சில. அவரோடு ஒரு கனவான் தம் தோட்டக்காரரை அனுப்பியிருந்தார்; அவர் அனுப்பிய ஒரே ஆள் சுமை, வாடி வதங்கிச் சேர்ந்தும், 300 பவுண்டுக்கு விலைபோயிற்று. ஹூக்கர் சிறந்த அறிஞர், ஒளிக்காமல் எழுதியவர். ஆயினும் அந்த ஏழு சுமைகளை எண்ணாமல், கியூவின் 'இந்தியா' விழாவை நம்மால் நினைக்க முடியவில்லை.

அதே ஹூக்கர் 1865இல் தந்தைக்குப்பின் கியூவின் தலைவரானார். அதே 1865இல்தான், தென் திருவிதாங்கூர் மலைகளில் 5,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், கர்னல் டுரூரி என்பவர் ஒரு தரை ஆர்க்கிட்டைக் கண்டெடுத்தார். மஞ்சள் நிறப் பூ. மேலிதழிலும் பக்கத்து இதழ்களிலும் நடுவே கரும்பழுப்புக் கோடு. கீழே காலணியின் முனையைப் போன்ற ஒரு பை. அப்பை காரணமாகவே இவ்வகையைக் காலணி ஆர்க்கிட் என்பர். இந்தியாவில் இதன் பேரினத்தைச் சேர்ந்த பிற இனங்கள் வடகிழக்கு மலைகளில் இருக்க, தீபகற்பம் முழுவதிலும் இது ஒன்றே உண்டு. அதுவும் அகத்தியமலைப் பகுதியின் பாறைச் சரிவுப் புல்வெளிகளில் மட்டும். சென்னை மாகாண வனத்துறைத் தலைவராயிருந்த பெட்டோம் 1874இல் இதற்கு டுரூரியின் பெயரையே சூட்டினார். இன்றைய அறிவியற்பெயர் பேஃபியோபெடிலம் டுரூரியை.

ஒரே மலையில் மட்டும் வாழும் ஒன்றுக்கு, அதன் அருமையே ஆபத்தாகிவிடுகிறது. பின்னாளில் இச்செடி கண்ணில் படாமற்போய், அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டது. 1972இல் மீண்டும் காணப்பட்டது. செய்தி பரவியதும் பறிப்போரும் வந்தனர். சில ஆண்டுகளுக்குள் சரிவுகள் மறுபடியும் வெறுமையாயின. இதில் வெள்ளையரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. அது நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கழிந்த காலம். வழியறிந்தவர் துணையின்றி எந்த வெளியூர் வணிகரும் அவ்வுயரத்திற்கு எளிதில் ஏறியிருக்க முடியாது.

பறிப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா? நெடுங்காலம் இல்லாதிருந்தது என்பதே உண்மை. ஆர்க்கிட்டின் ஒரு காய்க்குள் இலட்சக்கணக்கில் விதைகள் இருக்கும். ஆனால் அவை தூசியைப்போல் நுண்ணியவை. நெல்லுக்கும் பயறுக்கும் உள்ளதுபோல் முளைக்குத் தேவையான உணவு அவற்றுள் இல்லை. மண்ணிலோ மரப்பட்டையிலோ உள்ள ஒருவகைப் பூஞ்சை துணைசெய்தால்தான் முளைக்கும். இதனை 1899இல் நோயல் பெர்னார்டு என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தார். 1922இல் அமெரிக்க நாட்டு லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கடற்பாசிக் கூழைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, பூஞ்சை இல்லாமலே விதைகளை முளைக்க வைத்தார். ஒரு காயைக் கொண்டே ஆயிரக்கணக்கான செடிகளை வளர்க்கலாம் என்றாயிற்று. ஆர்க்கிட் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பது நம் கருத்து.

இந்த முறையை நம் கிழக்கே பெரிய அளவில் பயன்படுத்தியது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா. சிங்கப்பூரில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களில் அப்பூங்காவைக் கண்டு வந்தோரும் இருப்பர். அங்கே ஆக்னஸ் ஜோவாக்கிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் மலர்ந்த கலப்பின வாண்டாவைப் பூங்காவின் தலைவர் ரிட்லி 1893இல் உலகுக்கு அறிவித்தார். 1899ஆம் ஆண்டு மலர்க் கண்காட்சியில் அம்மலர் அரிய ஆர்க்கிட்டுக்கான முதற்பரிசைப் பெற்றது. 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. 1928 முதல் அப்பூங்காவில் ஹோல்ட்டம் என்பவர் குடுவை முறையில் கலப்பினங்களை உருவாக்கத் தொடங்கினார். இன்று நம் நிக்காஹ் மேடைகளில் அழகுக்குச் செருகும் ஊதா நிறப் பூக்களும் பெரும்பாலும் இவ்வாறு பெருக்கப்பட்ட டெண்ட்ரோபியம் கலப்பினங்களே. தோவாளைப் பூச்சந்தையின் பிச்சிப்பூவுக்கு உள்ள மணம் அவற்றுக்கு இல்லை; ஆனால் நாட்கணக்கில் வாடாமல் நிற்கும்.

கியூ விழாவிலும் இதுதான் நிலை. 'இந்தியா' எனப் பெயரிட்டாலும், 'பெரு' எனப் பெயரிட்டாலும், கண்ணைக் கவர்வன பெரும்பாலும் வணிகத் தோட்டங்களில் வளர்ந்த கலப்பினங்கள். நம் காட்டின் மலரை அங்கே தேடுவோருக்கு இது ஏமாற்றமாயிருக்கலாம். நமக்கு அது ஆறுதலாகவே படுகின்றது. காட்டைக் கொள்ளையிடாத கண்காட்சி அல்லவா!

சட்டமும் காலம் தாழ்ந்தேனும் வந்தது. உயிரின வணிகத்துக்கான உலக உடன்பாட்டில் இந்தியா 1976இல் சேர்ந்தது; 1990 முதல் பேஃபியோபெடிலம் பேரினக் காலணி ஆர்க்கிட்டுகள் யாவும் அதன் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளன. 1991இல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது ஆறு வகைச் செடிகள் முதன்முறையாக அதன் காவலுக்குள் வந்தன. ஹூக்கர் சுமந்து சென்ற நீல வாண்டாவும், காலணி ஆர்க்கிட்டும் அவ்வாறனுள் அடங்கும். அகத்தியமலை 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. நம் மாவட்டக் காடுகளும் அதனுள் உள்ளன. 2016இல் யுனெஸ்கோவும் அதனை ஏற்றது.

சட்டம் காக்கும், முளைக்க வைக்காது. அந்தப் பணியை மேற்கொண்டது நமக்கு அண்மையிலுள்ள ஒரு தாவரவியல் பூங்காவே. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், பாலோடு என்னும் ஊரில், 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அது. இன்று ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கியுள்ளது. டுரூரியின் மலரை அங்குள்ளோர் குடுவையில் விதைத்து வளர்த்து, அதன் சொந்த மலைக்கே மீட்டுக் கொண்டுசென்றனர். ஆயினும் உலக அளவில் அது இன்னும் மிகவும் ஆபத்துக்குள்ளான இனமாகவே பட்டியலிடப்பட்டிருக்கின்றது. பன்னிரண்டாம் தொகுதியில் வரையப்பட்ட பொன்னம்பூ மரவாழையையும் அவர்கள் அவ்வாறே பெருக்கிக் காட்டில் நட்டனர். அந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள அப்பூவுக்கு, இலங்கையின் பழம்பெயரான தப்ரொபேனைத் தழுவி இன்று தப்ரொபேனியா என்று பெயர்.

நாகர்கோயிலிலிருந்து காலையில் புறப்பட்டால் பாலோட்டைக் கண்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், ஆர்க்கிட் தோட்டத்தை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. மழைக்காலமாயின் குடையும் வேண்டும்.