முக்கால் நிமிடப் பாட்டு

இசை என்றால் இனிமை என்பது நம்மவருள் பலர் கொண்ட கருத்து. சுருதி சேர்ந்து, தாளம் இசைந்து, செவிக்கும் நெஞ்சுக்கும் இதம் தருவதே பாட்டு என்று நாம் கேட்டும் பேசியும் வந்திருக்கிறோம். ஆகவே, நேயர்களே, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். செவிக்கு இதம் தருவதைத் தன் நோக்கமாகவே கொள்ளாத ஓர் இசையைப் பற்றியும், அதனைப் பாடிய சில வாலிபர்களைப் பற்றியும், அவர்கள் குழு கலைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்களை மறவாத ரசிகர்களைப் பற்றியும் சொல்லப் புகுகிறோம்.

குழுவின் பெயர் மைனர் த்ரெட். ஊர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டன். அது மேடையில் வாழ்ந்த காலம் 1980 டிசம்பர் முதல் 1983 செப்டம்பர் வரை. மூன்று ஆண்டுகூட நிரம்பவில்லை. அதற்குள்ளும் ஒருவர் கல்லூரிப் படிப்பை நாடிச் சென்றதால் சில மாதங்கள் கலைந்து கிடந்தது. அவர்கள் வெளியிட்ட பாடல்களையெல்லாம் 1989-ஆம் ஆண்டில் ஒரே குறுந்தட்டில் தொகுத்தபோது, முதலிலிருந்து கடைசிவரை கேட்க ஒரு மணி நேரமும் வேண்டியிருக்கவில்லை. நம் வித்வான் ஒருவர் ஒரு தோடியை விரித்துப் பாட எடுத்துக்கொள்ளும் நேரம் அது! இத்தனை சிறு முதலைக்கொண்டு இத்தனை நீண்ட அன்பை அவர்கள் எவ்வாறு ஈட்டினர்?

1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் 'பங்க்' என்ற ஓர் இசை தோன்றியது. அந்நாளைய ராக் இசைக்கலைஞர்கள் பெருஞ்செல்வர்களாகி, ரசிகர்களுக்கு எட்டாத உயரத்தில் நின்று நீண்ட நீண்ட உருப்படிகளை வாசித்துக்கொண்டிருந்தனர். அதனை வெறுத்த இளைஞர்கள், மூன்றே ஸ்வரக்கட்டுகள் தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்று துணிந்தார்கள். அந்தத் துணிவு அமெரிக்காவின் பிற நகரங்களுக்குப் பரவியபோது, இன்னும் இளைய பிள்ளைகள் அதனை மேலும் விரைவாக்கி, மேலும் சுருக்கி, மேலும் உரத்துப் பாடினர். அதற்கு 'ஹார்ட்கோர்' என்ற பெயர் நிலைத்தது. கலிபோர்னியாவில் பிளாக் ஃபிளாக் என்னும் குழு அவ்வழியில் சென்றது. வாஷிங்டனில் சென்றவர்களைப் பற்றியே நம் பேச்சு.

இக்கதையில் வானொலிக்கும் ஓர் இடம் உண்டு; அதனைச் சொல்லாமல் செல்ல நமக்கு மனம் வரவில்லை. வாஷிங்டனிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் ஒரு வானொலி நிலையத்தை நடத்திவந்தது. வேறெங்கும் கேட்க முடியாத புதிய இசையை அது ஒலிபரப்பிற்று. அதன் போக்கு நிர்வாகத்தாருக்குப் பிடிக்கவில்லை. 1979-ஆம் ஆண்டு அதன் அலைவரிசை உரிமத்தை ஒரே ஒரு டாலருக்கு வேறொரு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். நிலையத்துக்கு ஆதரவாக அவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு கச்சேரி நடந்தது; நியூயார்க்கிலிருந்து வந்த கிராம்ப்ஸ் என்னும் குழு வாசித்தது. அங்கே கூடிய கூட்டத்தில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். பத்திரிகையாளர் ஒருவரின் மகன். பெயர் இயன் மக்காய். அவன் நேரில் கண்ட முதல் பங்க் கச்சேரி அதுவே. நிலையம் பிழைக்கவில்லை, ஆனால் அச்சிறுவன் பாடப் புறப்பட்டான்.

அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் கண்கண்ட ஆசான்களாக விளங்கியவர்கள் பேட் பிரெய்ன்ஸ் என்ற குழுவினர். கறுப்பினத்தைச் சேர்ந்த நான்கு கலைஞர்கள்; ஜாஸ் கலந்த கடினமான இசையில் பயின்ற கைகள். அவர்கள் பங்க் இசையின் பக்கம் திரும்பியபோது, அதன் வேகமும் துல்லியமும் கேட்டவரைத் திகைக்கச் செய்தன. வாஷிங்டன் பிள்ளைகள் அவர்களைப் பார்த்தே வேகத்தைக் கற்றனர். இதனை மைனர் த்ரெட் குழுவினர் ஒருநாளும் மறைத்ததில்லை. வரலாறு எழுதுவோர் சிலர்தாம் மறந்துவிடுகின்றனர்.

இயனும் அவன் பள்ளித் தோழன் ஜெஃப் நெல்சனும் முதலில் டீன் ஐடில்ஸ் என்றொரு குழுவில் இருந்தார்கள். 1980-ஆம் ஆண்டு அக்குழு கலிபோர்னியாவுக்குச் சென்றது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மதுச்சாலை அரங்கில், வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு மது ஊற்றிவிடக் கூடாதென்று, அவர்கள் புறங்கையில் பெரிய பெருக்கற்குறி ஒன்றை மையால் இட்டுவிட்டனர். ஊர் திரும்பிய பிள்ளைகள் வாஷிங்டன் அரங்கக்காரர்களிடம் அந்த உபாயத்தைச் சொன்னார்கள்: 'கையில் குறியிடுங்கள், மது கேட்கமாட்டோம், பாட்டுக் கேட்க மட்டும் உள்ளே விடுங்கள்.' இளையோரை விலக்கிவைக்கும் குறி இவ்வாறு உள்ளே வருவதற்குரிய அனுமதிச் சீட்டாயிற்று.

அவ்வாண்டு இறுதியில் டீன் ஐடில்ஸ் குழு கலைந்தது. கச்சேரிகளில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் சுமார் 600 டாலர் இருந்தது. பங்கு போட்டுக்கொண்டிருந்தால் ஆளுக்கு ஒரு நல்ல சட்டைத்துணி வாங்கியிருக்கலாம். அவர்களோ அப்பணத்தைக்கொண்டு, தாம் முன்பே பாடிப் பதிந்திருந்த எட்டுப் பாடல்களை ஒரு சிறு இசைத்தட்டாக வெளியிட்டனர். அதற்கென அவர்கள் தொடங்கிய வெளியீட்டகமே டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். தட்டின் உறை எவ்வாறு செய்யப்படுகிறது என்று அறிய ஓர் அயல்நாட்டு உறையைப் பிரித்துப் பார்த்தார்களாம். அச்சிட்ட தாள்களைக் கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டுவது நண்பர் கூட்டத்தின் வேலையாயிற்று. ஒட்டியவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் ஒரே பிள்ளைகள்தாம். அந்த அன்பின் வேர் இங்கேயே இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். தம் கையால் ஒட்டிய பொருளை எவரும் எளிதில் எறிந்துவிடுவதில்லை.

டீன் ஐடில்ஸ் கலைந்த கையோடு பிறந்ததே மைனர் த்ரெட். இயன் பாடினான், நெல்சன் டிரம் வாசித்தான், லைல் ப்ரெஸ்லர் கிதார், பிரையன் பேக்கர் பேஸ் கிதார். 1981-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் தட்டில் எட்டுப் பாடல்கள். எட்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 நிமிடம். வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனில், டான் ஜியென்டாரா என்பவர் தம் வீட்டின் நிலவறையில் அமைத்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவை பதிவாயின. கேட்டுப் பார்த்தால் முதலில் வெறுங் கூச்சலாகத் தோன்றும். எமக்கும் அப்படித்தான் தோன்றிற்று. மூன்றாம் முறை கேட்கும்போது, அந்த வேகத்துக்குள் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது: எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நால்வரும் ஒரே கணத்தில் நிறுத்துகிறார்கள்.

அத்தட்டில் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்று ஒரு பாட்டு. நீளம் முக்கால் நிமிடமே. போதைப் பொருளில் பொழுதைக் கழிக்கும் தம் வயதினரைப் பார்த்து, தனக்கு அது வேண்டாம் என்று ஒருவன் சொல்லிக்கொள்ளும் பாட்டு. ராக் இசையும் போதையும் பிரியாதவை என்று உலகம் நம்பியிருந்த காலத்தில் அது ஒரு கலகக் குரலாக ஒலித்தது. அடுத்த தட்டில் வந்த 'அவுட் ஆஃப் ஸ்டெப்' என்ற பாட்டு அக்கருத்தையே இன்னும் சுருக்கமாக அடுக்கியது. இங்கேதான் இடர்ப்பாடு தொடங்கிற்று. நம் தமிழில் 'செய்யமாட்டேன்' என்பதும் 'செய்யாதே' என்பதும் வேறு வேறு. வினையின் விகுதியே பேசுபவன் யார், கேட்பவன் யார் என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் 'நான்' என்ற சொல்லைத் தாளத்துக்காக விட்டுவிட்டால், ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்வது பிறர்க்கு இடும் கட்டளையாகவும் ஒலிக்கும். அப்பாட்டு அவ்வாறே ஒலித்தது. பாடல் தாளில் 'நான்' என்பதை அடைப்புக்குறிக்குள் அச்சிட்டனர். நெல்சனுக்கு அதுவும் போதவில்லை. ஆகவே 1983-இல் அப்பாட்டை மீண்டும் பதிந்தபோது, இடையே இயன் பேச்சு நடையில், தான் யார்க்கும் விதி வகுக்கவில்லை என்று விளக்கம் சொல்ல நேர்ந்தது.

விளக்கம் கேட்டவர் சிலர், கேளாதவர் பலர். ஒரு பாட்டின் பெயர் ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பாஸ்டன், நியூயார்க் முதலிய நகரங்களிலும், பின்னர் ஸ்வீடன் போன்ற தொலைநாடுகளிலும் மது, புகை, போதை மூன்றையும் துறந்த இளைஞர்கள் கையில் பெருக்கற்குறி இட்டுக்கொண்டனர். சிலர் பச்சையும் குத்திக்கொண்டனர். குடியால் சீரழிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்கு அக்குறி எத்தகைய துணையாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். ஆயினும் 1990-களில் சால்ட் லேக் சிட்டி போன்ற இடங்களில் அதே குறியைத் தாங்கியவர் சிலர், குடிப்பவரையும் புகைப்பவரையும் அடிக்கப் புறப்பட்டனர். தாம் ஓர் இயக்கம் தொடங்க எண்ணியதில்லை என்று மக்காய் பலமுறை சொல்லியும், அவர் பாட்டே அவருக்கு எதிராக மேற்கோள் காட்டப்பட்டது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையினராக வாழ்ந்த நகரில் வெள்ளையனாகப் பிறந்ததற்காகத் தான் அடிபட்டதைப் பற்றி அவர் எழுதிய மற்றொரு பாட்டுக்கும் இக்கதி நேர்ந்தது. இனவெறியை எதிர்த்தே எழுதினேன் என்று அவர் சொன்ன பாட்டை, இனவெறியர் சிலர் தம்முடையதாக எடுத்துக்கொண்டனர். பாட்டை அளவிறந்து நேசிப்பவரும் அதனைத் திரிக்கக்கூடும்.

கச்சேரிகளிலும் நிலைமை மாறிவந்தது. புகழ் பரவப் பரவ, பாட்டுக்காக வருவோருடன் சண்டைக்காக வருவோரும் கூடினர். குழுவுக்குள்ளும் இசை செல்ல வேண்டிய திசை குறித்து வேற்றுமை தோன்றியது. 1983 செப்டம்பர் 23 அன்று, வாஷிங்டனில் லான்ஸ்பர்க் என்னும் அரங்கில் அவர்களுடைய கடைசிக் கச்சேரி நடந்தது. அன்று அவர்களுடன் ட்ரபிள் ஃபங்க் என்ற குழுவும் வாசித்தது. அது வாஷிங்டன் கறுப்பின மக்களின் சொந்த நடன இசையாகிய 'கோ-கோ'வில் பெயர்பெற்ற குழு. அக்காலத்தில் அவ்விரு இசைகளின் ரசிகர்கள் ஒரே மண்டபத்தில் கூடியது குறிப்பிடத்தக்கது. அன்று மைனர் த்ரெட் பாடிய புதுப்பாட்டு 'சாலட் டேஸ்'. பழைய நாட்களே பொன்னாட்கள் என்று ஏங்குவோரை ஐயத்தோடு நோக்கும் பாட்டு அது. குழு கலைந்து 1985-இல்தான் அது தட்டாக வெளிவந்தது. பழமை ஏக்கத்தை நம்பாத அப்பாட்டை, இன்று நடுவயது கடந்த ரசிகர்கள் பழமை ஏக்கத்தோடு கேட்டுக் கண்கலங்குகிறார்கள்!

அத்தட்டின் உறையில், டிஸ்கார்ட் இல்லத்தின் முன்திண்ணையில் குழுவினர் அமர்ந்திருக்கும் புகைப்படம் உள்ளது. எடுத்தவர் கிளென் ஃப்ரீட்மன். ரசிகர்கள் தாமும் அவ்வாறே ஏதேனும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது ஒரு வழக்கமாகிவிட்டது. முதல் தட்டின் உறைப்படமோ இன்னும் புகழ் பெற்றது. இயனின் தம்பி அலெக், மொட்டைத் தலையைக் கைகளின்மேல் கவிழ்த்து, படிக்கட்டில் அமர்ந்திருக்கும் படம். 1995-இல் ரான்சிட் என்ற புகழ்பெற்ற குழு தன் தட்டின் உறையை அதன் சாயலில் அமைத்து வணக்கம் செலுத்தியது.

வணக்கத்துக்கும் வாணிபத்துக்கும் வேறுபாடு உண்டென்பதை ரசிகர்கள் 2005-ஆம் ஆண்டில் காட்டினர். நைக்கி என்னும் பெரிய காலணி நிறுவனத்தின் சறுக்குப்பலகைப் பிரிவு, தன் சுற்றுப்பயண விளம்பரத்துக்கு அவ்வுறைப்படத்தையே அனுமதியின்றிப் பின்பற்றி, தன் காலணியைச் சேர்த்து, 'மேஜர் த்ரெட்' என்று பெயரிட்டது. டிஸ்கார்ட் அதனைக் கண்டித்தது. ரசிகர்களோ நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதங்களைக் குவித்தார்கள். ஜூன் மாதம் முடியுமுன் நைக்கி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. குழு கலைந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இது நடந்தது. உறையை ஒட்டிய பிள்ளைகளும், தபாலில் அதனைப் பெற்று வளர்ந்தவர்களும் தம் வீட்டுப் பொருளைக் காப்பதுபோலக் காத்தனர். ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, தபாலில் வரும் ஒரு பொட்டலம் எத்தனை உறவைச் சுமந்துவரும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அக்காலத்துக் குழுக்கள் பல பின்னாளில் மீண்டும் கூடிப் பெரும்பணம் ஈட்டின. மைனர் த்ரெட் மீண்டும் மேடை ஏறவில்லை. மக்காய் பின்னர் ஃபுகாஸி என்ற குழுவில் 2003 வரை பாடினார். அக்குழு நுழைவுச் சீட்டின் விலையைப் பெரும்பாலும் ஐந்து டாலருக்கு மேற்படாமல் பார்த்துக்கொண்டது. ரசிகர்களுக்கு இது ஒருவகைக் குறைதான். நேரில் கேட்டோர் நாளுக்கு நாள் குறைகின்றனர். ஆனால் கிடைத்ததைச் சேமிப்பதில் அவர்கள் சளைக்கவில்லை. 2003-இல் முதல் ஒத்திகை நாடாவே தட்டாக வெளிவந்தது. அதையும் வாங்கிக் கேட்டார்கள். 2013-ஆம் ஆண்டு மக்காய் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில், தம்மிடம் சேர்ந்துள்ள நாடாக்களையும் துண்டறிக்கைகளையும் கடிதங்களையும் காத்துவரும் பணியைப் பற்றி உரையாற்றினார். மறு ஆண்டு வாஷிங்டன் நகரப் பொது நூலகம், பங்க் ஆவணங்களுக்கெனத் தனிப் பிரிவொன்றைத் தொடங்கியது. மக்கள் தம் வீட்டுப் பரண்களிலிருந்து பழைய நாடாக்களையும், கையால் எழுதிப் படியெடுத்த பத்திரிகைகளையும், கச்சேரி அறிவிப்புத் தாள்களையும் கொண்டுவந்து கொடுத்தனர். அமைதி காக்க வேண்டிய அந்நூலகத்தின் நிலவறையிலேயே, சிறு பிள்ளைகளும் வந்து கேட்கும்படி, சில மாலைகளில் இளைய குழுக்களின் கச்சேரியும் நடந்தது.