பள்ளிக்கூடத்துப் பேய்



பேய்க்கு இருப்பிடம் எது என்று நம் முன்னோரைக் கேட்டிருந்தால் சுடலை, புளியமரம், பாழ்மண்டபம், ஆளொழிந்த வீடு என்று அடுக்கிச் சொல்லியிருப்பார்கள். பகலிலே ஆயிரம் பிள்ளைகள் கூடி இரைந்து விளையாடும் பாடசாலையை அவ்வரிசையிலே சேர்த்திருக்கமாட்டார்கள். கொரிய நாட்டார் சேர்த்தார்கள். 1998ஆம் ஆண்டில் அந்நாட்டில் வெளிவந்த ஒரு திரைப்படமும், அடுத்த ஆண்டின் இறுதியில் அதன் இரண்டாம் பாகமாக வந்த மற்றொரு படமும், பெண்கள் உயர்தரப் பாடசாலையையே பேயின் வீடாக்கின. அது ஏன் என்று ஆராயப் புகுந்தால், அந்த ஆராய்ச்சி பேய்களைப் பற்றியதாக இராது, பாடசாலைகளைப் பற்றியதாகவே முடிகின்றது.

முதலில் ஒன்று கூறல் வேண்டும். பழங்கதைகளில் வரும் பேய் வெறுமனே அச்சுறுத்த வருவதன்று; வழக்குரைக்க வருவது. பழையனூர் நீலியின் கதையை அறியாத தமிழர் இலர். முற்பிறவியிலே கணவனாற் கொல்லப்பட்ட பெண் பேயுருக்கொண்டு, மறுபிறவி எடுத்த அவனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக் கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பிலே வைத்துக்கொண்டு, வேளாளர் சபையின் முன் நின்று, இவன் என் கணவன் என்று முறையிடுகிறாள். சபையார் நம்பினர். அவனுக்குத் தீங்கு நேராதென எழுபதுபேர் தம் உயிரைப் பிணை வைத்தனர். இரவிலே அவன் மாண்டான், எழுபதுபேரும் தீப்பாய்ந்தனர். நீலி நீதிமன்றத்துக்கு வந்த பேய். ஆனால் வந்த இடத்திலே மன்றத்தையே ஏமாற்றிவிட்டாள்.

கொரியாவின் மிரியாங் என்னும் ஊரிலே வழங்கும் ஆரங் என்பவளின் கதையும் இதன் உடன்பிறப்பென்றே சொல்லலாம். அவள் அவ்வூர் அதிகாரியின் மகள். மானங் காக்கப் போராடி மறைவிடத்திலே கொலையுண்டாள். உடலை எவரும் காணவில்லை. யாருடனோ ஓடிப்போனாள் என்றே ஊர் பேசிற்று. அதன்பின் அவ்வூருக்கு நியமனம் பெற்று வந்த அதிகாரி ஒவ்வொருவரும் முதல் இரவிலேயே அச்சத்தால் இறந்தனர். கடைசியாய் வந்த ஒருவர் மாத்திரம் அஞ்சாது விளக்கை ஏற்றிவைத்து, நீ யார், உனக்கு வேண்டியது என்ன என்று கேட்டார். ஆரங் தன் வழக்கைச் சொன்னாள். மறுநாள் வண்ணத்துப்பூச்சியாகி வந்து கொலைகாரன்மேல் அமர்ந்தாள். குற்றவாளி தண்டனை பெற்றான், பேயும் நீங்கிற்று. முன்னே இறந்த அதிகாரிகளை அவள் கொல்லவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் பேச வந்தாள். கேட்கும் துணிவு அவர்களுக்கு இருக்கவில்லை, அவ்வளவே. சிற்றன்னையின் சூழ்ச்சியால் மாண்ட சாங்குவா, ஹோங்ரியோன் என்னும் சகோதரியர் இருவரின் கதையும் இத்தகையதே. யப்பானியர் ஆட்சி நடந்த காலத்திலேயே, 1924ஆம் ஆண்டில், அது கொரியாவிற் படமாக்கப்பட்டது. ஆற்றாது உள்ளத்திலே தங்கிவிட்ட துயரத்தைக் கொரியர் ஹான் என்று கூறுவர். அவர்களுடைய பேய்கள் யாவும் அந்த ஹானிலிருந்து பிறந்தவை.

வெள்ளவத்தைச் சவோய், கொட்டாஞ்சேனைச் செல்லமஹால் முதலிய படமாளிகைகளிலே படம் பார்த்து வளர்ந்த கொழும்புத் தமிழ் நேயர்களுக்குப் பேய்ப்படம் என்றவுடன் நினைவில் எழுவது வேறொரு காட்சி: பழைய மாளிகை, வெண்சேலை, தூரத்திலே ஒரு பாட்டு. 1966ஆம் ஆண்டில் வந்த ‘யார் நீ’ அவ்வகையிற் பெயர்பெற்றது. அதற்கு இரண்டாண்டு முன்னர் வந்த ஹிந்திப் படமொன்றின் தமிழாக்கம் அது. அதிலே இறுதியில் பேயே இல்லை. சொத்துக்காக மனிதர் செய்த சூழ்ச்சி என்று தெரியவருகிறது. பகுத்தறிவுக்கு அது ஆறுதல் தரலாம். ஆயினும் பேய் பொய்யானால் அதன் முறையீடும் பொய்யாகிவிடுகிறது. பிற்காலத்திலே ராகவா லாரன்ஸ் எடுத்த ‘முனி’ (2007), அதன் தொடராக வந்த ‘காஞ்சனா’ (2011) ஆகிய படங்கள், நகைச்சுவைக் கூச்சலுக்கு நடுவிலேனும், நீலியின் முறையீட்டை மீட்டுக் கொண்டுவந்தன. காஞ்சனா என்னும் திருநங்கை, மருத்துவமனை கட்டுவதற்கென வாங்கிய நிலத்தை அரசியல்வாதி ஒருவனுக்குப் பறிகொடுத்து, உயிரையும் இழந்து, ஆவியாய் வந்து நியாயம் கேட்கிறாள். நம்மவர் பேய் வீட்டையும் நிலத்தையும் பற்றி நிற்கிறது. நமது வழக்குகளும் பெரும்பாலும் வீட்டையும் நிலத்தையும் பற்றியவை அல்லவா?

கொரியரின் பேய் வீட்டைவிட்டுப் பள்ளிக்குக் குடிபெயர்ந்த வரலாறு இனி. 1961இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது முதல் 1987இல் மக்கள் கிளர்ந்தெழும்வரை அந்நாட்டின் பாடசாலை ஒரு பாசறைபோலவே நடந்தது. 1969ஆம் ஆண்டளவில் உயர்தர வகுப்புகளிலே படைப்பயிற்சி ஒரு பாடமாயிற்று. பிரம்படி சாதாரணம். பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை ஒன்றே வாழ்வு. இன்றும் அப்பரீட்சை நாளிலே, ஆங்கிலத்தைச் செவியாற் கேட்டு விடையெழுதும் வேளையில், ஆகாயவிமானங்கள் ஏறவும் இறங்கவும் அனுமதியில்லை. இவற்றையெல்லாம் திரையிலே காட்டுவது முன்னாளில் எளிதன்று. படங்கள் முன்கூட்டியே தணிக்கைக்கு உட்பட்டன. 1996 ஒக்டோபரிலே கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் அம்முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டாண்டு செல்லுமுன்னரே முதலாவது பள்ளிப் பேய் திரைக்கு வந்துவிட்டது.

அதனை எடுத்தவர் பாக் கி-ஹியோங். உலகம் அதனை ‘விஸ்பரிங் கொரிடோர்ஸ்’ என்று அறியும். கொரியப் பெயரின் பொருள் பெண்கள் உயர்பள்ளிப் பேய்க்கதை என்பதே. பூசாரிச்சி ஒருத்தியின் மகளாய்ப் பிறந்த குற்றத்துக்காக ஆசிரியையால் ஒதுக்கப்பட்டு, அவர் சொற்கேட்டு உயிர்த்தோழியும் விலகிவிட, ஒரு மாணவி இறந்துபோகிறாள். இறந்தபின்பும் அவள் பள்ளிக்கு வருகிறாள். ஒன்பது ஆண்டுகள், பெயரை மாற்றிக்கொண்டு, வகுப்பிலே உட்காருகிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை! பழைய ஆண்டு மலர்களைப் புரட்டிய ஓர் ஆசிரியைதான் ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கிறாள். உடனே உயிரையும் இழக்கிறாள். படத்தின் அச்சம் இருட்டு நடைபாதையிலே இல்லை, இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளின் வரிசை எண்ணை அறிந்து முகத்தை அறியாத பள்ளியிலே, செத்தவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாலும் கணக்குத் தவறாது.

இரண்டாம் பாகம் 1999 டிசம்பர் 24ஆந் திகதி வெளிவந்தது. கிம் தே-யோங், மின் கியு-டோங் என்னும் இளைஞர் இருவர் இயக்கினர். வெளிநாடுகளிலே ‘மெமென்டோ மோரி’ என்று பெயர். நீ இறக்கவேண்டியவன் என்பதை மறவாதே என்பது அந்த லத்தீன் தொடரின் கருத்து. தொடர்ச்சி என்று சொல்கிறோமேயன்றி முதற்படத்தின் பாத்திரம் ஒன்றும் இதிலில்லை. வேறு பள்ளி, வேறு பேய். நம்மூர் வழக்கப்படி முதற்படத்திலே ஓட்டிய பேயைத் திரும்ப அழைத்து வருவதே எளிய வணிகம். இவர்கள் அதைச் செய்யாது, பேய் மாறலாம், பள்ளி மாறவில்லை என்பதையே தொடர்ச்சியாகக் கொண்டார்கள்.

கதை இதுதான். மினா என்னும் மாணவி வழியிலே கிடந்த ஒரு நாட்குறிப்பை எடுக்கிறாள். அது வகுப்புத் தோழியர் இருவர் மாறிமாறி எழுதி, படம் ஒட்டி, வண்ணம் தீட்டி வைத்தது. ஹியோ-சின், சி-உன் என்னும் அவ்விருவருக்குமிடையே இருந்தது வெறும் நட்பன்று, காதல். வகுப்பு அதைக் கண்டு எள்ளிச் சிரித்தது. சி-உன் அஞ்சி விலகினாள். பாடசாலையிலே உடற்பரிசோதனை நடந்த நாளில், பிள்ளைகள் நிறையையும் உயரத்தையும் அளப்பித்துக்கொண்டு நிற்கையில், ஹியோ-சின் கூரையிலிருந்து விழுந்து இறந்தாள். அளவெடுக்கும் நாளிலே அவள் இறப்பதாக அமைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அதன்பின் ஆவியின் நடமாட்டம். ஆயினும் படத்தின் பெரும்பகுதியிலே அவள் பழிவாங்க வந்தவளாய்த் தோன்றவில்லை. என்னை மறந்துவிடாதீர்கள் என்று கேட்பவளாகவே தோன்றுகிறாள். அந்த நாட்குறிப்பே அவளுடைய மனு. அதை வாசிக்கும் மினாவே ஆரங்கின் கதையிலே விளக்கேற்றி வைத்த அதிகாரி. இங்கே அந்த அதிகாரியும் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை. வாசிப்பது மாத்திரமே அவளால் இயலும். தண்டிக்கும் அதிகாரம் அவளுக்கில்லை. பேய்க்கதை மரபிலே இவ்விடத்திலேதான் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது.

முடிவிலே கதவுகளெல்லாம் தாமே மூடிக்கொள்ள, மாணவியர் கூட்டங் கூட்டமாய் ஓட, கண்ணாடிக் கூரைக்கு மேலே அவளுடைய முகம் பூதாகாரமாய்க் குனிந்து பார்க்கிறது. இக்காட்சியை மெச்சுவோர் பலர். எனக்கு அது மிகையாகவே பட்டது. அதுவரை மெல்லிய குரலிலே பேசிய படம் திடீரென்று கத்திவிட்டது. முதற்படத்தின் வசூல் இதற்குக் கிடைக்கவில்லை. காலம் செல்லச் செல்ல அறிஞர் மதிப்பிலே இதுவே அதனை விஞ்சிற்று. பெண்ணைப் பெண் காதலிப்பதைக் குற்றமாகவோ கேலியாகவோ காட்டாதது அதற்கு ஒரு காரணம்.

இந்த 1998ஆம் ஆண்டுக்கு நம் நாட்டிலும் ஒரு தொடர்புண்டு. அதற்கு முந்திய ஆண்டிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில், மூத்த மாணவர் செய்த பகிடிவதையின் விளைவாக ஒரு தமிழ் மாணவன் உயிர்நீத்தான். கல்வி நிலையங்களிலே பகிடிவதையையும் பிற வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பின்னர் வந்தது. சட்டம் வந்தபின்பும் கொடுமை அற்றுப்போகவில்லை. கொரியாவிலே பேய் சொன்னதை இங்கே சட்டப் புத்தகம் சொல்லிற்று என்று கொள்ளலாம்; இரண்டையும் பார்த்தவர் பலர், கேட்டவர் சிலர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரப் பரீட்சை வரையில் பிள்ளைகளை வரிசையிலே நிறுத்துவதில் நாமும் கொரியருக்கு அதிகம் குறைந்தவர்களல்லர். மாலைவேளையில் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே ரியூசன் வகுப்புக்கும் வீட்டுக்குமிடையே புத்தகப் பையோடு நடக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் அது விளங்கும். தமிழ்த் திரைப்படமோ இன்னும் பெரும்பாலும் பங்களாவைச் சுற்றியே வருகிறது.

கொரியர் நிறுத்தவில்லை. 2003இல் மூன்றாவது படம்: விடுதிக்கு ஏறும் படிகள் இருபத்தெட்டு, மனமுருகி ஏறுவோர்க்கு இருபத்தொன்பதாவது படி தோன்றினால் கேட்ட வரம் கிடைக்கும். நடனப் போட்டியிலே தோழியை வெல்ல விரும்பிய ஒருத்தி அவ்வாறு வரங்கேட்கிறாள். பின்விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. 2005இலும் 2009இலும் மேலும் இரண்டு வந்தன. ஆறாவது படம் 2021 ஜூன் மாதத்தில் வந்தது. ஆறினையும் தயாரித்த லீ சூன்-யோன் அதற்கு முந்திய மாதத்திலே காலமாகிவிட்டார்.

ஆறாவது படத்தின் களம் குவாங்ஜு நகரம். தான் படித்த பள்ளிக்கே உப அதிபராய்த் திரும்பும் ஒருத்தி, மறந்துபோன தன் இளமையைத் தேடுகிறாள். 1980 மே மாதத்தின் நினைவு அக்கதையோடு பிணைந்து கிடக்கிறது. அம்மாதத்திலே குவாங்ஜுவில் படையினர் குடிமக்களைச் சுட்டுக்கொன்றனர். நெடுங்காலம் அதனைப் பகிரங்கமாய்ப் பேசவும் முடியாதிருந்தது. 1983 ஆடியை அறிந்த கொழும்பு நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அக்கொலைகளுக்குப் பொறுப்பான முன்னாள் ஜனாதிபதி சுன் டூ-ஹ்வானுக்கு 1996 ஓகஸ்டிலே சோல் நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. மேன்முறையீட்டிலே அது ஆயுட்சிறையாகக் குறைந்தது. 1997 டிசம்பரிலே பொதுமன்னிப்புப் பெற்று அவர் வீடு திரும்பினார். முதலாவது பள்ளிப் பேய் திரைக்கு வந்தது அதற்கு ஐந்து மாதங்களின் பின்னர்.