கதவு மூடியிருந்த காலத்தில் கற்றவர்கள்



நமது கல்முனை வீதிகளில் டி.வி.எஸ். ஸ்கூட்டி ஓடாத நாளில்லை. அந்த மூன்றெழுத்தின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், உத்தியோகத்தை விட்டு 1912இல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். வீதியில் கிடந்த லாட ஆணிகள் டயரைக் குத்தின. காந்தம் பூட்டிய வண்டியை ஓட்டி ஆணி பொறுக்கினார். உலகப்போரில் பெற்றோல் கிடைக்கவில்லை. கரிவாயுவில் பஸ் ஓடுவதற்கான கருவியைக் குடும்பமே செய்தது.

அக்குடும்பம் ஜெனரல் மோட்டர்ஸ் வாகனங்களின் பெரிய முகவராகவும் இருந்தது. 1950களில் இந்தியா இறக்குமதியை இறுக்கியது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யாதவர்களுக்கு இடமில்லை என்றானதும் அந்த அமெரிக்கக் கம்பனி வெளியேறியது. முகவருக்கு விற்க வாகனமில்லை.

பிள்ளைகள் கடையை மூடவில்லை, உதிரிப்பாகம் செய்ய இறங்கினார்கள். 1960களில் லூக்காஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் பாஸ்னர்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. முதல் மூன்றும் பிரித்தானியக் கம்பனிகளிடம் தொழில்நுட்பம் கற்றன. சென்னைக்கருகே பாடியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதுவரை கப்பலில் வந்த பிரேக்கையும் டைனமோவையும் தம் கையால் செய்யப் பழகினார்கள்.

1991இல் இந்தியா கதவைத் திறந்தது. அவர்கள் அஞ்சவில்லை. சுந்தரம் பாஸ்னர்ஸ், ஜெனரல் மோட்டர்ஸின் ரேடியேட்டர் மூடி இயந்திரங்களையே வாங்கிவந்து, இங்கிருந்து அதே கம்பனிக்கு மூடி அனுப்பியது. 1998இல் சுந்தரம் கிளேட்டன், தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. முகவராக இருந்த குடும்பம் இப்போது உற்பத்தியாளர்.

இனி நம் பக்கம் வருவோம். 1970களில் நம் நாட்டிலும் இறக்குமதிக் கதவு மூடியிருந்தது. மருதமுனைத் தறிகள் அன்று ஓய்வின்றி ஓடின. 1977இல் கதவு திறந்தது, வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது, தறிகள் அடங்கின. மிஞ்சியவற்றையும் 2004 சுனாமி தாக்கியது.

நெசவாளரின் கைத்திறனில் குறையில்லை. ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் புதிய இயந்திரமும் பயிற்சியும் வெளிச்சந்தையும் தறிக்கு வந்து சேரவில்லை. மற்றவர்களுக்கோ 30 ஆண்டுகள் கிடைத்தன. அதைக் கற்பதற்குச் செலவழித்தார்கள்.

இன்று நம் பிள்ளைகள் கட்டார், சவூதி கராஜ்களில் இதே தொழிலைச் செய்கிறார்கள். அங்கிருந்து வரும் பணத்தில் இன்னொரு கடை திறக்கிறோம். வசதியுள்ள குடும்பங்களே, ஒரு லேத் பட்டறைக்கும், அதில் பழகும் பத்துப் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கை ஒதுக்க மாட்டோமா?

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக.