மாணவர் நோக்கில் நல்ல கற்பித்தல்

பல்கலைக்கழக மாணவர்கள் கற்பித்தலில் எவற்றை மதிக்கின்றனர் என்பது உயர்கல்வி ஆய்வின் நெடுநாள் கேள்வி. கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களில் செம்மைப்படுத்திய, மாணவர்கள் கற்பித்தலை மதிப்பிடும் வினாநிரல் இதை ஒன்பது கூறுகளாகப் பிரித்தது. பாட ஒழுங்கு, ஆசிரியரின் ஆர்வம், வகுப்பில் கலந்துரையாடல், மாணவரோடு இணக்கம், நியாயமான தேர்வு முறை ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆகவே மாணவர்கள் எளிய மதிப்பெண்ணையும் சிரிப்பையும் மட்டுமே நாடுவதாகக் கருத இயலாது.

மறுப்பும் உண்டு. 1973இல் வெளியான ‘டாக்டர் ஃபாக்ஸ்’ ஆய்வில், பேராசிரியராக வேடமிட்ட நடிகர் ஒருவர் முன்னுக்குப் பின் முரணாகச் சுவைபடப் பேசியே நற்பெயர் பெற்றார். எனினும் ஏமாந்தவர்கள் இளநிலை மாணவர்கள் அல்லர், உளமருத்துவர்களும் கல்வியாளர்களுமே. 2019இல் வெளியான ஹார்வர்ட் இயற்பியல் ஆய்வு இன்னும் வலுவானது: தாமே கணக்குகளைத் தீர்த்துப் பயின்ற மாணவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றும், சரளமான விரிவுரையிலேயே அதிகம் கற்றதாக உணர்ந்தனர். இதனால் மாணவர் கருத்து பயனற்றதாகிவிடாது. அதன் எல்லை தெளிவாகிறது. விளக்கம் புரிந்ததா, விடைத்தாள் குறிப்புகளோடு திரும்பியதா என்பதற்கு மாணவரே நேர்ச் சாட்சி. எவ்வளவு கற்றனர் என்பதைத் தேர்வுதான் காட்ட வேண்டும்.